அறுப்பு முடியட்டும், அப்புறம் பார்ப்போம்

டெல்டாவில் யாரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வந்து விழுகிற பதில் "அறுப்பு முடியட்டும்" என்பதுதான். கண் டாக்டரைப் பார்க்கணும், அறுப்பு முடியட்டும். அக்கா வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காச்சு, அறுப்பு முடியட்டும். வயலே இல்லாதவர்களுக்கும் இந்தப் பேச்சு தொற்றிக்கொண்டிருக்கிறது. வங்கியில் வேலை பார்ப்பவர் மார்ச் முடியட்டும் என்கிறார், பிள்ளை பெற்றவர்கள் பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்கிறார்கள், பரீட்சை முடிந்ததும் கவுன்சலிங் முடியட்டும், அப்புறம் வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும், வீட்டுக்கடன் அடையட்டும்.

சரி, எந்த அறுப்பு? ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை. அதை அறுக்கும்போதே தாளடிக்கு நாற்று தயாராக நிற்கும். சம்பா அறுப்பு தை, மாசியில். அது முடிந்தால் உளுந்தும் பயறும். அதைப் பிடுங்கி அடித்து மூட்டை கட்டி நிமிர்ந்தால் சித்திரை வெயில், ஊர்த் திருவிழா, வரிசையாகக் கல்யாணப் பத்திரிகைகள், வைகாசியில் "வாய்க்கால் இன்னும் தூர்வாரலையே" என்ற கவலை, மறுபடியும் மேட்டூர். இந்த வட்டத்தில் சும்மா இருக்கிற மாதம் என்று ஒன்று கிடையாது. ஓய்வு வந்ததும் சந்தோஷமாக இருக்கலாம் என்று வைத்திருப்பவர்களுக்கு அந்த ஓய்வு வருவதேயில்லை, ரிட்டையர் ஆனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் இந்த மண்ணில்தான் சம்பாக் கதிர் வயலில் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கிற நேரம் பார்த்து உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். அறுத்து முடித்துச் சாவகாசமாகத் தெளிக்கலாம் என்று நினைத்தால் ஈரம் போய்விடும், முளைக்காது. (இப்போது அறுவடை இயந்திரத்தின் செயின் ஏறி முளையை நசுக்குகிறது என்பது வேறு கதை, அதற்கும் நாளைக் கொஞ்சம் முன்பின் மாற்றித் தெளிக்கிறார்களே தவிர யாரும் விட்டுவிடவில்லை.) வாழ்க்கையில் நல்லதாக எதையாவது நுழைக்க வேண்டுமென்றால் அதற்கும் இதுதான் வழி: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தெளிக்க வேண்டும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன். எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை, உங்களுக்கு ஒட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் உள்ளதும் இல்லாததும்

ஒரு பழைய நோட்டை எடுங்கள். பிள்ளைகள் பாதி எழுதித் தூக்கிப்போட்டது எப்படியும் பரணில் கிடக்கும். ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் "என் கையில் இல்லை", வலப்பக்கம் "என் கையில் இருக்கிறது" என்று எழுதுங்கள். மனதைக் குடைகிற எல்லாவற்றையும் இந்த இரண்டில் ஒன்றில் போடுங்கள்.

மேட்டூரை எடுத்துக்கொள்வோம். ஜூன் 12 என்பது வழக்கமான தேதி. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. திறந்த பிறகும் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு எப்போது வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும். குடகில் மழை பெய்வது உங்கள் கையில் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து நாளுக்கு நாலு தடவை அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பதால் அரை அடிகூட ஏறப்போவதில்லை. இது இடப்பக்கம்.

அப்படியானால் வலப்பக்கம் என்ன இருக்கிறது? தண்ணீர் தள்ளிப்போனால் குறுகிய கால ரகத்துக்கு மாறுவதா, நேரடி விதைப்பு செய்வதா என்ற முடிவு. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு, அதற்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள், கடைசி நாளில் இ-சேவை மையத்தில் கூட்டமும் இருக்கும் சர்வரும் படுத்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். வலப்பக்கத்தில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். "காப்பீடு" என்று மொட்டையாக எழுதினால் அது அங்கேயே கிடக்கும், பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். "செவ்வாய்க்கிழமை காலை விஏஓ-விடம் அடங்கல் வாங்கணும்" என்று எழுதினால் செவ்வாய்க்கிழமை காலை கால் தானாக அந்தப் பக்கம் போகும். மகளின் மாமியார் குணம் இடப்பக்கம், மகளுக்கு வாரம் ஒருமுறை நீங்களாகப் போன் போடுவது வலப்பக்கம். மேலதிகாரியின் மூஞ்சி இடப்பக்கம், மாறுதலுக்கு மனுப் போடுவது வலப்பக்கம்.

இடப்பக்கத்தில் எழுதிவிட்டால் கவலை போய்விடுமா என்றால் போகாது. அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். மனநல ஆலோசகர்கள் சொல்லித்தருகிற முறைதான் இது: நாளில் கால் மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம், அப்போது நன்றாக உட்கார்ந்து கவலைப்படுவது. மற்ற நேரத்தில் வந்தால், "நாலரை மணிக்கு வா" என்று ஒரு வரி குறித்துவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு வரும் கவலைக்கு இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் இரண்டு மணிக் கவலையில் பாதி, மறுநாள் நாலரைக்குப் பார்த்தால் கவலையாகவே தெரியாது. படுக்கப்போகும் முன் மட்டும் இந்த நேரத்தை வைக்காதீர்கள். விளக்கு வைத்த பிறகு வைத்தால் வீட்டில் அம்மா திட்டுவார்கள், எனவே சாயங்கால டீயோடு முடித்துக்கொள்ளலாம்.

நடக்கிற வேலையோடு ஒட்டவையுங்கள்

புதிதாக ஒரு பழக்கம் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக நேரம் தேடாதீர்கள். கிடைக்காது. ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டிவிடுங்கள். காலையில் வாசல் தெளித்ததும் பத்து நிமிடம் தெருமுனை வரை நடை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு பக்கம் படிப்பது. மாட்டுக்கு வைக்கோல் போட்டதும் மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்பது, மாடும் ஒன்றும் சொல்லாது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தி 2010-இல் வெளியிட்டார்கள். 96 பேர், ஒவ்வொருவரும் தினம் ஒரே சந்தர்ப்பத்தில் செய்வதற்கு ஒரு சின்னச் செயலைத் தேர்ந்துகொண்டார்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பது மாதிரி. அது யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. இருபத்தொரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் "நமக்கு இதெல்லாம் சரிவராது" என்று விட்டவர்கள் நிறைய. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. துக்கத்துக்குப் போனீர்கள், காய்ச்சலில் படுத்தீர்கள், மறுநாள் விட்ட இடத்திலிருந்து எடுங்கள்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு 150 நிமிடம் ஓரளவு வேகமான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. நாற்று நட்டுவிட்டு வருகிறவரிடம் போய் இதைச் சொல்லாதீர்கள், அடிக்க வருவார்கள். அவருக்கு வேண்டியது இடுப்பை நீட்டிப் படுப்பதும் தூக்கமும். இது கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பைக் வாங்கிய பிறகு பெட்டிக்கடைக்குக்கூட வண்டியிலேயே போகிறவர்களுக்கும்தான். குடமுருட்டிக் கரையோ அரசலாற்றுக் கரையோ வெண்ணாற்றுக் கரையோ, நடக்க இடத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. தெருநாய்த் தொல்லை உண்டு, கையில் ஒரு குச்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கிற நேரம்

தை, மாசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பக்கம் போய்ப் பாருங்கள். வரிசையாக நெல் அம்பாரம், ஒவ்வொன்றின் மேலும் படுதா, படுதாவின் மேல் ராத்திரிப் பனி. வெயில் ஏறியதும் படுதாவை விலக்கி, நெல்லைப் பரப்பி, காலால் கோடு கோடாக இழுத்துக் காயவிடுவார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வழக்கமாக எடுப்பார்கள். மானியைப் பார்த்துவிட்டு "இன்னும் காயணும்ணே" என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்று ராத்திரியும் அங்கேயே காவல். சாயங்காலம் மேகம் கறுத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். நடுவில் கிடக்கிற அந்த நீளமான பகல் முழுவதும் வரிசையாகக் குனிந்த தலைகள், செல்போனில் அடுத்தவன் சமைப்பதையும் அடுத்தவன் ஆடுவதையும் பார்த்துக்கொண்டு.

எங்கள் பக்கத்து நிலையத்தில் ஒரு பெரியவர், இடுப்பில் சாக்கூசியும் சணலும் செருகிக்கொண்டு வருவார். புளியமரத்து நிழலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைப்பார். தன்னுடையதை மட்டுமல்ல, யார் கொண்டுவந்து போட்டாலும் தைப்பார். ஊசியை உள்ளே விட்டு, கட்டைவிரலால் அழுத்தி, சணலை இழுத்து, இரண்டு தையலுக்கு ஒருமுறை முடிச்சு. அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். 77-ஆம் வருஷத்துப் புயலில் நாகப்பட்டினம் பக்கம் என்ன ஆனது என்பதிலிருந்து கஜா புயலன்று ராத்திரி மாட்டை எப்படி அவிழ்த்துவிட்டார் என்பது வரை பேச்சு ஓடும். அவர் நெல்லும் மற்றவர்கள் நெல்லைப்போலவே அங்கேதான் காய்ந்துகொண்டிருக்கும். அவரைப் பார்த்தால் காத்திருக்கிற ஆள் மாதிரியே தெரியாது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. எங்கே காத்திருக்க வேண்டியிருக்குமோ அங்கே மூன்று விஷயத்தோடு போங்கள்: கைக்கு ஒரு வேலை, காதுக்கு ஒன்று, பேசுவதற்கு ஓர் ஆள். கைக்கு என்றால் பூத் தொடுப்பது, பின்னல், கணக்கு நோட்டு, எதுவானாலும். காதுக்கு முந்தின நாளே இறக்கிவைத்த ஒரு பேச்சோ பாட்டோ. ஆள் அங்கேயே இருப்பார். செல்போனை அறவே தொடாதே என்று சொல்வதெல்லாம் நடக்காத காரியம், எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. பையில் போட்டுவைத்து ஒரு மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கையிலேயே இருந்தால்தான் வம்பு. ராத்திரி சார்ஜரைத் தலைமாட்டிலிருந்து கழற்றி ஹாலுக்கு மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ளதிலேயே செலவில்லாததும், மறுநாள் காலையிலேயே பலன் தெரிவதும் இந்த ஒன்றுதான். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பவர்களுக்கு மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் இன்னும் அலாரக் கடிகாரம் விற்கிறார்கள்.

பேச்சு விட்டுப்போனவர்கள்

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, இன்னமும் நடத்திக்கொண்டிருக்கிறது. ஹார்வர்டில் படித்த மாணவர்கள் ஒரு பக்கம், பாஸ்டன் நகரின் ஏழைத் தெருக்களில் வளர்ந்த பையன்கள் இன்னொரு பக்கம், மொத்தம் 724 பேர். வேலை, கல்யாணம், இரத்தப் பரிசோதனை, சண்டை சச்சரவு எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பதிந்து, பிற்பாடு மனைவிமார்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பது வயதில் யாருக்கு உறவுகள் திருப்தியாக இருந்ததோ அவர்கள்தான் எண்பது வயதில் அதிக ஆரோக்கியமாக இருந்தார்கள். கொலஸ்ட்ரால் அளவைவிட உறவின் நிலை அதை நன்றாக முன்கூட்டிச் சொன்னது. நம்மூரில் இதைக் கேட்டால் "இதுக்கு ஆய்வு வேறயா" என்பார்கள். ஆனால் அப்படிச் சொல்கிறவர் தம்பியோடு வரப்புத் தகராறில் பேசாமல் எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

முதலில் சுலபமானது. வாரத்தில் ஒருவருக்கு, காரியம் எதுவும் இல்லாமல், போன் போடுங்கள். எதிர்முனையில் முதலில் பயப்படுவார்கள். நம் ஊரில் சாவுக்கும் கடனுக்கும் கல்யாணத்துக்கும்தான் போன் வரும் என்று ஆகிவிட்டது.

"சித்தப்பா, நல்லாயிருக்கீங்களா?"

"இருக்கேன்பா. என்ன விஷயம், யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா. உங்க கொல்லைப் பலா இந்த வருஷம் காய்ச்சிருக்கான்னு கேக்கத் தோணுச்சு."

அவ்வளவுதான். பலாவைப் பற்றிப் பத்து நிமிடம் போகும், அதற்குள் அவர் முழங்கால் வலியும் மருமகள் ஊருக்குப் போனதும் தானாக வந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுவது தனிக் கலை. பெரும்பாலும் "சாப்பிட்டியா, அங்க மழையா, சரி வச்சிடுறேன்" என்று முடிந்துவிடுகிறது. நேரத்தை முதலில் சரிசெய்யுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சீரியல் முடிந்து நீங்கள் ஒன்பது மணிக்குப் போன் எடுக்கும்போது அங்கே பதினொன்றரை, விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை கொட்டாவியை அடக்கிக்கொண்டு "ம்" போடும். பேச்சில், அன்று நடந்த ஒன்றை முழுசாகச் சொல்லுங்கள், கேள்வியையும் குறிப்பாகக் கேளுங்கள். "நல்லாயிருக்கியா" என்றால் பதில் "நல்லாயிருக்கேன்மா". "இன்னைக்கு மத்தியானம் யாரோட உக்காந்து சாப்பிட்டே?" என்றால் பதிலுக்குப் பின்னால் ஒரு கதை வரும், யாரோடும் உட்காரவில்லை என்றால் அதுவும் தெரியும்.

இனிக் கஷ்டமானது, பேச்சு விட்டுப்போன அண்ணன் தம்பி, அக்கா தங்கை. பாகப் பிரிவினை, அரை அடி வரப்பு, யார் மடையை யார் ராத்திரி அடைத்தார்கள் என்பது, கல்யாணத்தில் மாமனுக்கு மாலை போட மறந்தது, இப்படி ஏதோ ஒன்று. இதைச் சரிசெய்ய நினைத்தால் சில விஷயம் செய்யாமல் இருக்க வேண்டும். பஞ்சாயத்துக்கு ஆள் அனுப்பாதீர்கள், நடுவில் போகிறவர் இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை கூட்டித்தான் சொல்வார். பழைய கதையை எடுக்காதீர்கள், யார் சரி என்று தீர்க்கப்போனால் மறுபடியும் அதே வரப்பில்தான் நிற்பீர்கள். மன்னிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பொங்கல் மாதிரி ஒரு நாளில், கையில் இரண்டு கரும்பும் ஒரு மஞ்சள் கொத்தும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரியவர்களால் பேச முடியாதபோது பிள்ளை பேசும். "இந்தா அத்தாச்சி, நம்ம வயல் கரும்பு" என்று கொடுத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டால் உட்காருங்கள், கூப்பிடாவிட்டால் திண்ணையில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். முதல் தடவை அவ்வளவே போதும்.

எல்லா உறவையும் ஒட்டவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடித்தவர், ஏமாற்றியவர், பெண் பிள்ளைகளிடம் முறைதவறி நடந்தவர், இவர்களோடு பேச்சு விட்டுப்போனது நல்லதற்குத்தான். "ஆயிரம் இருந்தாலும் சொந்தம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மொய், மாடி வீடு, பக்கத்துத் தெரு

ஊரில் ஒரு தெருவில் சிங்கப்பூர்ப் பணத்தில் மூன்று மாடி எழும்பினால், அடுத்த தெருவில் நாலு பேருக்குத் தூக்கம் போகிறது. அந்த வீட்டைத் தாண்டும்போது ஒரு தடவை உள்ளே பாருங்கள். கிரானைட் வாசல், சிசிடிவி, பூட்டின மாடி அறைகள், கீழே ஒரு அறையில் வயதான அப்பா அம்மா, ஒரு நாய். அவர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று சந்தோஷப்படச் சொல்லவில்லை. முழு விலையும் தெரியாமல் அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படுகிறோம், அவ்வளவுதான்.

பணத்தில் நிம்மதி வர இரண்டு காரியம். ஒன்று, விசேஷச் செலவுக்கு வருஷத் தொடக்கத்திலேயே ஒரு தொகை குறித்துவிடுவது. மொய் நோட்டை எடுத்து, நமக்கு வந்ததைத் திருப்பிச் செய்ய வேண்டியது எவ்வளவு என்று பார்த்து, அதற்கு மேல் வீம்புக்கு எழுதாமல் இருப்பது. மண்டபத்தில் மைக்கில் பேர் சொல்கிற அந்த அரை நிமிடத்துக்காகக் கைமாற்று வாங்கி மொய் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைவிட விலை அதிகமான அரை நிமிடம் வேறு இல்லை. இரண்டாவது, நகைக்கடன் எங்கெங்கே எவ்வளவு, வட்டி என்றைக்கு, திருப்ப வேண்டிய தேதி என்ன என்பதைக் கணவனும் மனைவியும் ஒரே தாளில் பார்ப்பது. கடனைவிட, ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் கடன்தான் வீட்டை அரிக்கிறது.

கொஞ்சம் அடுத்தவருக்கும் செலவழியுங்கள், சின்ன அளவில். 2008-இல் கனடாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். காலையில் சிலருக்கு 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்காகவும் மீதிப் பேரை அடுத்தவருக்காகவும் சாயங்காலத்துக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் அன்று அதிகச் சந்தோஷமாக இருந்தார்கள், அது ஐந்தா இருபதா என்பதால் வித்தியாசம் எதுவும் வரவில்லை. பெரிய அன்னதானம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் கூட நிற்கிற ஆளுக்கு ஒரு டீ, வேலைக்கு வரும் அம்மாவின் பேத்திக்கு ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ்.

வீட்டில் இருக்கும் பெண்களின் நேரம்

மேலே சொன்னதில் பாதி, வீட்டுப் பெண்களுக்கு உதவாது, ஏனென்றால் அவர்களுடைய நாள் அவர்கள் கையில் இல்லை. எனவே இது ஆண்களுக்கான குறிப்பு. வாரத்தில் ஒரு ராத்திரிச் சாப்பாடு, ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கும் ஆண்களும் பிள்ளைகளும் செய்வது. உப்புமாவானாலும் சரி. கடையில் வாங்கிவருவது கணக்கில் வராது, பாத்திரம் கழுவுவதும் அதில் சேர்த்தி. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். டிவி பார்க்கட்டும், மாமி வீட்டில் உட்கார்ந்து பேசட்டும், டவுன் பஸ்ஸில் ஏறித் திருவாரூர்க் கமலாலயத்துப் படியில் உட்கார்ந்துவிட்டு வரட்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டும் இல்லை.

அவர் விட்டுப்போன ஏதோ ஒன்று இருக்கும், பாட்டு, கோலம், தையல், டைப்ரைட்டிங் ஹையர். அதை மறுபடி எடுக்க வயது தடையில்லை. ஆரம்பத்தில் மோசமாகத்தான் வரும், அப்போது சிரிக்காமல் இருப்பது வீட்டிலுள்ளவர்கள் செய்யும் உதவி.

இது வெறும் சலிப்பு இல்லை என்றால்

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணமாக இருப்பவர்களுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனசு கனத்துக் கிடக்கிறது, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கம் வரவில்லை அல்லது எழுந்திருக்கவே முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து யாருக்கு என்ன" என்று தோன்றுகிறது என்றால், நடையும் நோட்டும் போதாது. அது நோய், மருந்தும் ஆலோசனையும் உண்டு. அதை வைராக்கியத்தால் அடக்கப் பார்ப்பதும், குடித்து மறக்கப் பார்ப்பதும் நிலைமையை மோசமாக்கும். குடி தூக்கத்தையும் கெடுக்கும், மறுநாள் மனசையும் இன்னும் கீழே தள்ளும்.

14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழக அரசின் 104-உம் இருக்கிறது. நேரில் போவதென்றால் தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

வீட்டில் ஒருவர் இப்படி இருக்கிறார் என்று சந்தேகம் வந்தால், தோட்டத்தில், மாட்டுக்கொட்டகையில், மோட்டார் ரூமில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பாக்களை அன்றைக்கே எடுத்துப் பூட்டுங்கள், சாவி வேறு ஒருவரிடம் இருக்கட்டும். முடிந்தால் மீதமே வைக்காமல் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று விடாதீர்கள். சாகணும் போல இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம், கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல் யாராவது கூடவே இருங்கள், 14416-க்குப் பேசிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

மற்றபடி முதல் தடவை போகும்போது துணைக்கு ஒருவர் போவது நல்லது. சொந்தக்காரர் வேண்டாம், ஊரில் பரவிவிடும் என்று தோன்றினால் நண்பர் போதும். வெளிநோயாளி சீட்டு காலையில்தான் போடுவார்கள், முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். ஆதார் அட்டையும், ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், அதற்குள் "ஒண்ணும் கேட்கல" என்று நிறுத்தக் கூடாது. கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக நிறுத்தவும் கூடாது, எப்போது குறைப்பது என்று அந்த டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.